உடம்பை ஒட்டிய முதல் துணி

மேச்சேரி ஆட்டின் உரோமத்தை யாரும் கத்தரிப்பதில்லை. கத்தரிக்க அதன் மேல் உரோமமே கிடையாது. சேலம் மாவட்டத்து ஜலகண்டாபுரத்துக்குப் பக்கத்து ஊரான மேச்சேரியின் பெயரைத் தாங்கிய இந்த இனம், இளம்பழுப்பு நிறத்தில் உடலோடு ஒட்டிய குட்டை முடியோடு சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்கத்து மேட்டாங்காடுகளில் மேய்கிறது. கறிக்கும் தோலுக்கும் பெயர்போனது. தோல் பதனிடுவோர் இதற்குக் கூடுதல் விலை கொடுப்பார்கள். 1978இல் பொட்டனேரியில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. கோடையில் நாற்பது டிகிரியைத் தொடும் பூமியில் ஆட்டுக்குக் கம்பளி தேவைப்படவில்லை. அதை மேய்ப்பவருக்கும் தேவைப்படவில்லை. தறிச் சத்தம் ஓயாத இந்த ஊர்களில் அன்றாடத்துக்குப் பருத்தி, விசேஷத்துக்குப் பட்டு. அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சமவெளி தன் ஆட்களைக் குளிருக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலம், நாமக்கல் வழியாகத்தான் போகிறது. சங்ககிரி, நாமக்கல் லாரிகள் அதே சாலையில் வடக்கே ஏறுகின்றன. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகள் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் துளை போடுகின்றன. குன்னூர் வெலிங்டனில் பயிற்சி முடிக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் லடாக்குக்கும் சியாச்சினுக்கும் போகிறார்கள். விடுமுறைக்கு இமயமலை ஏறப் போகும் கல்லூரிப் பிள்ளைகள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைச் ‘சில்லை கலான்’ என்பார்கள்; பெருங்குளிர்க் காலம். 2024இல் அது தொடங்கிய இரவில் ஸ்ரீநகரில் வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரிக்கு இறங்கியது. ஐம்பது ஆண்டுகளில் அவ்வளவு குளிர்ந்த டிசம்பர் இரவு அங்கே வந்ததில்லை.

இப்படிப்பட்ட ஊருக்குப் புறப்படுகிறவர் பையில் என்ன இருக்கும்? தடித்த ஜெர்கின், ஸ்வெட்டர், மங்கி குல்லா, மஃப்ளர், ஒரு போர்வை. எல்லாமே வெளியே தெரியும் துணிகள். காசு முழுக்க அவற்றுக்கே போகும். உள்ளே போடுவதோ ஊரில் போடும் அதே பருத்தி பனியன். குளிர் அதிகமானால், “இன்னொரு பனியனைப் போட்டுக்குங்கண்ணா” என்று கிளீனர் சொல்வார், அதுவும் பருத்திதான். கணக்கு இங்கேதான் தலைகீழாகப் போகிறது. குளிரில் ஒருவரைக் காப்பதும் கைவிடுவதும் முதலில் உடம்பைத் தொடும் துணி. ஜெர்கினில் ஆயிரம் ரூபாயைக் குறைத்தாவது அந்த முதல் துணியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதைப் பருத்தி நெய்யும் ஊரில் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். பருத்தியைப் போல வெயிலுக்கு உகந்த துணி வேறு கிடையாது. வியர்வையைக் குடிக்கும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்த ஈரம் மெதுவாக ஆவியாகும்போது உடம்பு குளிரும். சித்திரை வெயிலில் அது வரம். உறைபனியில் அதே குணம்தான் ஆபத்து. நனைந்த பருத்தி இழை தொய்ந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இழைகளுக்கு நடுவே இருந்த காற்று போய் அந்த இடத்தில் தண்ணீர் நிற்கும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதன் மேல் எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் உள்ளே ஈரத் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மருத்துவர்கள் அதைத் தாழ்வெப்ப நிலை என்கிறார்கள். அதற்குப் பனி பெய்ய வேண்டும் என்பதில்லை. எட்டு, பத்து டிகிரி குளிரில் மழையும் காற்றும் சேர்ந்தால் போதும். முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் மரத்துப் போகும், பேச்சு குழறும். அதற்கு மேல் போனால் எடுக்கும் முடிவுகளே தப்பாகும். அதனால்தான் மலை ஏறுகிறவர்கள் ஈரத்துக்கு அவ்வளவு பயப்படுகிறார்கள்.

ஆட்டு உரோமத்தின் வேலை வேறு மாதிரி. அதன் இழை இயல்பிலேயே சுருள் சுருளாக இருப்பதால் நூலாக்கிப் பின்னிய பிறகும் நடுவே காற்று தங்கும். இழையின் வெளித்தோல் தண்ணீர்த் துளியை உருட்டி விடும். உள்பகுதியோ ஈரத்தை ஆவியாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிய பிறகும் கம்பளி தொடும்போது ஈரமாகத் தெரியாது. இன்னொரு அதிசயமும் உண்டு. காய்ந்த கம்பளி ஈரத்தை வாங்கும்போது சிறிதளவு வெப்பத்தை வெளிவிடும். அந்தச் சூடு கணக்கில் சின்னதுதான். ஆனாலும் சூடான கூடாரத்திலிருந்து ஈரக் காற்றுக்குள் வெளியேறும் அந்தச் சில நிமிடங்களில் உடம்புக்கு அது தெரியும்.

சரி, கம்பளி என்றாலே அரிக்குமே? சேலம், தருமபுரிப் பக்கத்துப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். திருச்சி கருங்குறும்பை ஆட்டின் கறுத்த முரட்டு உரோமத்தில் நெய்த கம்பளியைப் போர்த்திப் படுத்தவர்கள் அவர்கள். கழுத்திலும் கையிலும் அது குத்திய நினைவு லேசில் போகாது. குத்துவதற்குக் காரணம் இழையின் தடிமன். தென்னை ஈர்க்குச்சி நுனி தோலில் பட்டால் குத்தும். ஒரு பட்டு இழை பட்டால் வளைந்து கொடுக்கும். கம்பளியில் அந்த எல்லை சுமார் 30 மைக்ரான். அதைவிடத் தடித்த இழைகள் துணியில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு அரிப்பு எடுக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடி பெரும்பாலும் ஐம்பது மைக்ரானுக்கும் மேல் இருக்கும். உள்ளாடைக்குப் பயன்படும் மெரினோ ஆட்டின் இழையோ 17 முதல் 19.5 மைக்ரான் வரைதான். அதனால்தான் வெறும் தோலில் போட்டாலும் குத்துவதில்லை.

மெரினோ ஸ்பெயின் நாட்டு ஆடு. அந்த நாட்டு அரசர்கள் அதை வெளியே விடாமல் பல நூற்றாண்டு காத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் அந்தக் காவல் தளர்ந்தது. 1797இல் மெரினோ ஆஸ்திரேலியாவில் இறங்கியது. இன்று உலகின் மெல்லிய கம்பளியில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

தமிழ்நாட்டுக்கும் அது அந்நியமில்லை. 19ஆம் நூற்றாண்டில் நீலகிரியில் உருவான ஆட்டினத்தில் கோயம்புத்தூர்க் குறும்பை ஆட்டின் ரத்தத்தோடு டாஸ்மேனியாவிலிருந்து வந்த மெரினோவின் ரத்தமும் கலந்திருக்கிறது. உதகைக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் இருக்கும் செம்மறி ஆராய்ச்சி நிலையம் அந்த நீலகிரி ஆட்டோடு மெரினோ, ராம்புலே கிடாக்களைச் சேர்த்து ‘சாண்டினோ’ என்ற கலப்பினத்தை உருவாக்கியது. எட்டில் ஐந்து பங்கு வெளிநாட்டு ரத்தம், மூன்று பங்கு நீலகிரி. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் ஒரு மையம் இருக்கிறது. மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் 1965இல் தொடங்கிய தெற்கு மையம் அது. அங்கே மேய்வது ‘பாரத் மெரினோ’: ராஜஸ்தானின் சோக்லா, நாலி ஆடுகளை ராம்புலே, சோவியத் மெரினோவோடு கலந்து வந்த இனம். சுற்றுலா போகிறவர்கள் புல்வெளியையும் ஏரியையும் படம் எடுத்துத் திரும்பும்போது, அங்கே நிற்கும் அந்த ஆட்டின் உரோமத்தை விரலால் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். மேலே அழுக்கேறிய சாம்பல் நிறம். விலக்கினால் உள்ளே பால் நிறத்தில், நெருக்கமான சின்னச் சின்ன அலைகளாக, எண்ணெய்ப் பசையோடு மின்னும். அந்த அலைகள்தான் காற்றைப் பிடித்து வைப்பவை.

மெரினோ உள்ளாடையைப் பற்றி உலகில் மிகுந்த அக்கறையோடு பேசுகிறவர்கள் வடநாடுகளின் வேட்டைக்காரர்கள். நார்வேயிலும் கனடாவிலும் அலாஸ்காவிலும் உரிமம் பெற்று, பருவம் பார்த்து மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய ஒரு நாளைப் பார்த்தால் இந்தத் துணியின் அருமை தெரியும். விடிவதற்கு முன்னால் முதுகில் சுமையோடு ஒரு மணி நேரம் மலை ஏறுவார்கள். உடம்பு வியர்த்துக் கொட்டும். பிறகு ஒரு மரத்தடியிலோ பாறை மறைவிலோ அசையாமல் மூன்று, நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். கை தேய்க்கக் கூடாது, காலை உதறக் கூடாது. ஏறும்போது சூடு தந்துகொண்டிருந்த தசைகள் ஓய்ந்த பத்தே நிமிடத்தில் முதுகில் இருக்கும் வியர்வை சில்லென்று இறங்கும். ஓடிக்கொண்டே இருப்பவருக்கு எந்தத் துணியும் ஓரளவு சமாளிக்கும். ஓடி வியர்த்துவிட்டு அசையாமல் உட்காருகிறவருக்குத்தான் துணியின் குணம் தெரியும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டை முடிந்த கதை. முடிந்ததில் யாருக்கும் வருத்தம் இருக்கக் கூடாது. நீலகிரியில் அந்த மாற்றம் இன்னும் முன்னதாகவே தொடங்கியது. 1877இல் வேட்டைக்காரர்களே கூடி ‘நீலகிரி கேம் அசோசியேஷன்’ தொடங்கினார்கள். 1879இல் அந்த மலைக்கென்று தனிச் சட்டம் வந்தது. விலங்கு மிஞ்சினால்தான் வேட்டை மிஞ்சும் என்பது அன்றைய கணக்கு. அந்தச் சங்கமே பிறகு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கமாக மாறியது. அதில் முன்னின்ற ஈ.ஆர்.சி. டேவிதார் 1970களில் மலைமலையாக ஏறி வரையாடுகளைக் கணக்கெடுத்தார்.

இன்று வரையாடுகள் வாழும் மலைப் புல்வெளிகளில் வேட்டைக்காரனின் நாளை வாழ்கிறவர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்கள். முக்குருத்தி உச்சியை நோக்கி ஏறுவார்கள், வியர்ப்பார்கள், பாறை மறைவில் உட்கார்ந்து எதிர்ச்சரிவைக் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். மேற்கிலிருந்து காற்று மூடுபனியை வாரிக்கொண்டு வந்து முகத்தில் அறையும். குளிர்கால விடியலில் புல்நுனியில் உறைபனி நிற்கும். 2024இல் நடத்திய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருந்தன. 2025இல் அது 1,303 ஆனது. அந்த எண்களுக்குப் பின்னால் இப்படி நனைந்த முதுகோடு உட்கார்ந்த மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் சீருடைப் பட்டியலில் ஜெர்கினுக்கும் பூட்ஸுக்கும் முன்னால் இரண்டு நல்ல உள்பனியன் சேர வேண்டும்.

நடப்பவருக்குப் போதுமான துணி நிற்பவருக்குப் போதாது என்பதற்கு எவரெஸ்டில் ஒரு சான்று கிடக்கிறது. 1924இல் உச்சியை நோக்கிப் போய்த் திரும்பாத மலையேறி ஜார்ஜ் மேலரியின் உடல் 1999 மே 1ஆம் தேதி 8,000 மீட்டருக்கு மேலே கிடைத்தது. பட்டு, பருத்தி, கம்பளி என்று மெல்லிய அடுக்குகளாக அவர் உடுத்தியிருந்தார். மேலே காற்றுப் புகாத கேபர்டின். அந்தத் துணிகளை இழை இழையாக ஆராய்ந்து, அதேபோலத் தைத்து, 2006இல் எவரெஸ்ட் சரிவிலேயே உடுத்திப் பார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது: எடை குறைவு, கை கால் தாராளமாக அசைந்தது. நல்ல வானிலையில் ஏறிக்கொண்டே இருப்பவருக்கு அது போதும். இரவை அந்த உயரத்தில் கழிக்க நேர்ந்தால் போதாது.

அடுக்கு முறை என்று இன்று சொல்லப்படுவது இந்தக் குறையைத்தான் சரிசெய்கிறது. மூன்று அடுக்கு, மூன்று வேலை. உடம்பை ஒட்டிய உள் அடுக்கு ஈரத்தைத் தோலிலிருந்து விலக்கும். நடு அடுக்கு காற்றைத் தேக்கிச் சூட்டை வைத்திருக்கும். ஃபிளீஸ், கம்பளி ஸ்வெட்டர், இறகு அடைத்த ஜாக்கெட் எல்லாம் இந்த வகை. மேல் அடுக்கு காற்றையும் மழையையும் தடுக்கும். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுக்க முடியாது. தடித்த ஒரே ஜெர்கின் போட்டவருக்கு இரண்டு நிலைதான்: போட்டால் புழுக்கம், கழற்றினால் குளிர்.

வேட்டைக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம், புறப்படும்போது லேசாகக் குளிரும்படி உடுத்துவது. மெல்லிய மெரினோ பனியன், மேலே காற்றுத் தடுப்பு, அவ்வளவே. நடு அடுக்கு பையில் இருக்கும். ஏறும்போது கழுத்து ஜிப்பைத் திறந்து விடுவார்கள், குல்லாவைக் கழற்றுவார்கள். வியர்வை பெருகும் முன்னே நடையைக் குறைப்பார்கள். உட்காரும் இடம் வந்ததும், குளிரத் தொடங்கும் முன்பாகவே, நடு அடுக்கை எடுத்துப் போடுவார்கள். முதுகு நனைந்திருந்தால் அந்தக் குளிரிலேயே சட்டையைக் கழற்றி, பையில் உள்ள காய்ந்த இன்னொரு மெரினோவுக்கு மாறிவிடுவார்கள். ஒரு நிமிடம் வெறும் உடம்போடு நிற்கச் சங்கடமாகத்தான் இருக்கும். அடுத்த நான்கு மணி நேரத்துக்கு அந்த ஒரு நிமிடம் ஈடு.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது? திருப்பூர்ப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஜி.எஸ்.எம். புதிதல்ல. ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை. மெரினோவில் 150 மெல்லியது. நடக்கிறவருக்கும் மலை ஏறுகிறவருக்கும் ஏற்றது. 200 பொதுவானது. 250 தடித்தது, உட்காரும் வேலைக்கும் இரவு படுக்கைக்கும் அதுதான். முதல்முறை வாங்குகிறவர் ஒரே தடித்த துணிக்குக் கை நீட்டுவார். 150இல் ஒன்றும் 250இல் ஒன்றுமாக வாங்கினால் தனித்தனியாகவும் போடலாம், ஒன்றின் மேல் ஒன்றாகவும் போடலாம்.

உடம்பைத் தொட்டால்தான் அது உள் அடுக்கு. தொளதொளவென்று இருந்தால் ஈரம் தோலிலேயே நிற்கும். இறுக்கினால் துணி விரிந்து நடுவில் காற்று தங்காது. குனிந்தால் இடுப்புக்கு மேலே ஏறாத நீளம் வேண்டும். தோளில் பை தொங்கும் இடத்தில் தையல் தடித்து நிற்கக் கூடாது. ஃப்ளாட்லாக் தையலா என்று உள்பக்கம் திருப்பித் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். காலுக்கும் இதே கதைதான். வேட்டிக்கும் லுங்கிக்கும் பழகிய கால்கள் பேன்ட்டுக்குள் இன்னொரு பேன்ட் போட முரண்டு பிடிக்கும். ஆனால் தொடைத் தசைகள் உடம்பிலேயே பெரியவை. அவற்றைக் குளிரில் விட்டால் மேலே எத்தனை போட்டும் பயனில்லை. சாக்ஸில் மட்டும் ஒரு எச்சரிக்கை: இரண்டு, மூன்று ஜோடியை ஷூவுக்குள் திணித்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் இன்னும் சீக்கிரம் மரக்கும். நல்ல மெரினோ சாக்ஸ் ஒரு ஜோடியும் அதற்கு இடம் தரும் ஷூவும் போதும்.

நூறு சதவீத மெரினோதான் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அவ்வளவு மெல்லிய இழை சீக்கிரம் நைந்து ஓட்டை விழும். நைலான் இழையை நடுவில் வைத்து அதைச் சுற்றி மெரினோவை நூற்பது இப்போது வழக்கம். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து நைலான் சேர்ந்தால் பனியன் நெடுநாள் உழைக்கும், குணமும் பெரிதாகக் கெடாது. நூல் தெரிந்த ஊர்க்காரர்கள் கடைக்காரர் சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பட்டைச் சோதிக்கும் அதே சோதனை இங்கேயும் செல்லும், ஏனென்றால் பட்டும் கம்பளியும் புரத இழைகள். உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால், கம்பளி தயங்கித் தயங்கி எரியும்; தீயை எடுத்ததும் அணையும்; முடி கருகும் நாற்றம் வரும்; மிஞ்சும் கரி விரலில் பொடியாகும். பருத்தி காகிதம்போல் எரிந்து வெளிர்சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான உருண்டையாக நிற்கும். நைலான் கலந்த மெரினோவில் பொடியோடு ஒரு கடின நுனியும் தட்டுப்படும்.

அந்த உருண்டையை லாரிக்காரர்கள் கவனிக்க வேண்டும். பனிக்காலத்தில் ஸ்ரீநகர் சாலை அடிக்கடி அடைபடும். வண்டிகள் வரிசையாக நிற்கும். ஓரத்தில் நெருப்பு மூட்டி உட்காருவார்கள், அடுப்பு பற்ற வைப்பார்கள். பொறி பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். கம்பளி உருகாது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: குளிர் தாங்காமல் கரி அடுப்பைக் கேபினுக்குள் வைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோகும். காய்ந்த உள்பனியன், தடித்த நடு அடுக்கு, நல்ல ரஜாய், கொஞ்சம் இறக்கிய கண்ணாடி. கேபினில் இரவைக் கழிக்க வழி இதுதான்.

காசு ஒரு தடைதான். மெரினோ பனியன் ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். சீசனுக்கு ஒரு ட்ரிப் போகிற டிரைவரிடம் அதை வாங்கு என்று சொல்வது எளிதில்லை. அவருக்குப் பாலியஸ்டர் தெர்மல் போதும். அது மெரினோவைவிடச் சீக்கிரம் காயும், விலையும் குறைவு. குறை என்னவென்றால் இரண்டாம் நாளே வியர்வை நாறும், ஈரமானால் பிசுபிசுக்கும். மெரினோவில் நாற்றம் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. நாற்றப் பொருள்களை இழையே தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிக்க வழியில்லாத ஒரு வாரத்தை ஒரே பனியனில் தள்ளலாம் என்று மலையேறிகள் சொல்வது இதனால்தான். தெர்மல் என்ற பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது. நம் கடைகளில் தெர்மல் என்று விற்பவற்றில் பருத்தி கலந்தவை நிறைய. லேபிளில் நூறில் பாதி பருத்தி என்றிருந்தால், ஓடியாடும் வேலைக்கு அது ஆகாது. கையில் கொஞ்சமே காசு இருந்தால் முதலில் மெரினோ சாக்ஸ், அடுத்து பனியன் என்று போகலாம். கால் காய்ந்திருந்தால் பாதிக் குளிர் குறைந்த மாதிரி.

ராணுவத்துக்கு இது விலைக் கணக்கு இல்லை, உயிர்க் கணக்கு. 1984 ஏப்ரல் 13ஆம் தேதி ‘மேகதூத்’ நடவடிக்கையோடு இந்திய வீரர்கள் சியாச்சினில் ஏறினார்கள். அன்று முதல் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும்தான் அங்கே அதிகம் பேரைப் பலிகொண்டன. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சோனம் நிலையைப் பனிச்சரிவு மூடியபோது சிக்கிய பத்துப் பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியன்காரர்கள். தமிழ்நாட்டு வீடுகள் சிலவற்றுக்கு அந்த மாதம் சவப்பெட்டி வந்தது. அங்கே உடுக்கும் சிறப்பு உடைகளுக்கு நாடு நெடுங்காலம் வெளிநாட்டை நம்பியிருந்தது. டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய ‘ஹிம்கவச்’ என்ற பல அடுக்கு உடை 20 டிகிரியிலிருந்து மைனஸ் 60 டிகிரி வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் சோதனைகளில் தேறியதாக அறிவித்தார்கள். தேவைக்கேற்ப அடுக்குகளைக் கூட்டலாம், குறைக்கலாம் என்பதே அதன் அமைப்பு.

வாங்கிய பனியனை ஊருக்குக் கொண்டுவந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. மெரினோவை வெந்நீரில் ஊறவைத்து, தேய்த்து, கல்லில் அடித்தால் இழைகள் ஒன்றோடொன்று கொக்கிபோட்டுச் சுருங்கி, குழந்தைச் சட்டை அளவுக்கு வந்துவிடும். இப்போது வருபவற்றில் பல மெஷினில் துவைக்கும்படி பதப்படுத்தியவைதான். ஆனாலும் பச்சைத் தண்ணீர், வீரியமில்லாத சோப்பு, லேசான அலசல் போதும். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் கிடத்திக் காயவைக்க வேண்டும். கொடியில் ஈரத்தோடு தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீண்டுவிடும்.

அடுத்த குளிர்வரை அது ஜலகண்டாபுரத்து வீட்டின் பீரோவில்தான் கிடக்கும். கம்பளி தின்னும் அந்துப்பூச்சி இருட்டில், துணி மடிப்பில் முட்டையிடும். அதன் புழு, வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த இடத்தைத்தான் முதலில் தேடும். அதனால் ஒருமுறை மட்டுமே போட்டதாக இருந்தாலும் துவைத்து, நன்றாகக் காயவைத்து, வாய் கட்டிய பாலிதீன் பையில் போட்டு வைக்க வேண்டும். கோடையில் ஒன்றிரண்டு முறை வெளியே எடுத்து உதறி, சிறிது நேரம் வெயில் காட்டி, மடிப்பை மாற்றி வைத்தால் அடுத்த ட்ரிப்புக்கு ஓட்டையில்லாமல் இருக்கும்.